திரை சொல்லும் ஜூலும் தோல் வாங்கும் ஜூலும்

முடி நீக்கும் லேசர் கருவியில், கையில் பிடித்துச் சுடும் பகுதியான ஹேண்ட்பீஸின் நுனியில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். சில மாதங்கள் உழைத்த ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். கருகித் தெறித்த முடித்துகளும் துடைக்காமல் காய்ந்துபோன ஜெல்லும்தான் அவை. வெளியே போக வேண்டிய ஒளியில் ஒரு பங்கை அந்த அழுக்கு விழுங்கிவிடுகிறது. கருவியின் திரையோ ஒன்றும் நடக்காததுபோல, அமைத்த ஆற்றல் அளவான 20 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் அப்படி? கருவி தன் ஒளியை எங்கே நின்று அளக்கிறது என்பதில் விடை இருக்கிறது. லேசர் கற்றை புறப்பட்டதும், வழியில் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி அதில் மிகச் சிறிய பங்கைப் பிரித்து ஓர் ஒளி உணரிக்கு அனுப்பும். உணரி தரும் மின்சைகையை மென்பொருள் ஓர் எண்ணால் பெருக்கி, ஆற்றல் இத்தனை ஜூல் என்று முடிவு செய்யும். அந்தப் பெருக்கு எண்ணைச் சரியாக வைப்பதுதான் காலிபிரேஷன், அதாவது அளவுத்திருத்தம். பல கருவிகளில் இந்த உணரி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தாண்டி ஒளியிழை, லென்சுகள், நுனிக் கண்ணாடி என்று ஒளி போக வேண்டிய பாதை இன்னும் நிறைய உண்டு. அங்கே நடப்பது எதுவும் உணரிக்குத் தெரியாது.

இதைச் சமாளிக்கத்தான் சில கருவிகளின் முகப்பில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள். ஹேண்ட்பீஸை அதில் செருகிச் சுட்டால், வெளியே வரும் ஒளியையே கருவி அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தத் துளைக்குள்ளும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அது அழுக்கானால் விளைவு தலைகீழ். ஒளி குறைவாக வருகிறது என்று கருவி நம்பி, ஆற்றலை ஏற்றிவிடும். ஹேண்ட்பீஸ் அழுக்கானால் சிகிச்சை பலிக்காது, துளை அழுக்கானால் தோல் வேகும். துடைக்கும்போது இரண்டையும் துடையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

இந்தச் சிகிச்சையின் அடிப்படையை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் விளக்கினார்கள். இலக்கு எந்த நிறத்தை உறிஞ்சுமோ அந்த அலைநீளம், இலக்கின் வெப்பம் சுற்றிலும் பரவுவதற்குள் முடிந்துவிடும் ஒளித் துடிப்பு, போதுமான ஆற்றல்: மூன்றும் பொருந்தினால் முடிவேர் கருகும், பக்கத்துத் தோல் தப்பும். இவற்றில் அலைநீளம் அலெக்சாண்ட்ரைட் படிகத்தில் 755 நானோமீட்டர், என்டி-யாக் என்ற இன்னொரு படிகத்தில் 1064 என்று நிலையாக நிற்கும். டையோடு லேசரில் மட்டும் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். அன்றாடம் தொல்லை தருவது ஆற்றல்தான், இன்னும் சரியாகச் சொன்னால் பரப்புக்கு இவ்வளவு என்ற ஆற்றல் அடர்த்தி.

புதியவர்கள் வழுக்கி விழும் இடமும் அதுவே. திரையில் 20 என்றால் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல் என்று பொருள். வெளியே வைத்து அளக்கும் எனர்ஜி மீட்டர் காட்டுவதோ மொத்த ஜூல். 10 மில்லிமீட்டர் ஒளிப்புள்ளியின் பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர். ஆக மீட்டர் 15.7 காட்டினால் கருவி சரியாகவே இருக்கிறது. இதை அறியாதவர் 'குறைகிறதே' என்று கூட்டி வைப்பார். அதே 15.7 ஜூல், நுனியைத் தோலிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்தும் இடைவெளித் தாங்கி வளைந்ததால் 9 மில்லிமீட்டர் புள்ளியில் குவிந்தால், அடர்த்தி 24.7 ஆகிவிடும். மீட்டரில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆகவே புள்ளியையும் பார்க்க வேண்டும். வெப்பத்தில் கருக்கும் தாளில் ஒருமுறை சுட்டால் வட்டமான, சீரான கறை விழ வேண்டும். ஒருபக்கம் மட்டும் கருத்திருந்தால் கற்றை சாய்ந்திருக்கிறது, அல்லது இழையின் முனை தீய்ந்திருக்கிறது.

தோலை வெட்டவும் செதுக்கவும் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரில் வேறொரு தொல்லை. 10,600 நானோமீட்டரில் இயங்கும் அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. குறி பார்க்க உதவும் சிவப்பு ஒளி வேறொரு மூலத்திலிருந்து வருகிறது. இரண்டும் பிரிந்துவிட்டால் சிவப்புப் புள்ளி ஓரிடத்தில், சுடுவது இன்னோரிடத்தில். ஈரமான மரக்குச்சியில் ஒரு சுடு போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

செனான் விளக்கால் இயங்கும் கருவிகளில் விளக்கு மெல்ல மெல்லக் கிழடாகும். அதன் மின்முனைகள் தேய்ந்து உள்சுவரில் படியப் படிய, அதே ஆற்றலைப் பெறக் கருவி மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அந்த மின்னழுத்தத்தைக் குறித்து வைப்பவருக்குப் பாதி நோய் புரிந்துவிடும். மாதக்கணக்கில் ஏறினால் விளக்கின் வயது. ஒரே இரவில் குதித்தால் விளக்கை மாற்றிப் பயனில்லை. கண்ணாடி நகர்ந்ததா, குளிர்விக்கும் நீரின் ஓட்டம் குறைந்ததா என்று தேட வேண்டும்.

மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1064 என்று அமைத்த மீட்டரால் 755ஐ அளந்தால் எண் பிழைக்கும். உணரியைக் குவியப் புள்ளியில் வைத்தால் அதன் மேற்பூச்சே கருகிவிடும். அலைநீளத்துக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி அணிவதையும், மின்தேக்கிகள் இருக்கும் மூடியைப் பயிற்சி இல்லாதவர் திறக்கக் கூடாது என்பதையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மருத்துவ லேசர் கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60601-2-22, அமைத்த அளவிலிருந்து 20 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. என் கணக்கில் இது தாராளம். 20க்கு அமைத்த ஒரு கருவி 16 தரலாம், பக்கத்துக் கருவி 24 தரலாம். இரண்டும் தேர்ச்சிதான், ஆனால் ஒன்றரை மடங்கு வித்தியாசம்.

இருப்பதிலேயே மோசமான தவறு, அழுக்கைத் துடைக்காமல் பெருக்கு எண்ணைத் திருத்துவது. நுனிக் கண்ணாடி கால் பங்கு ஒளியை விழுங்குகிறது என்று வையுங்கள். 20 வர வேண்டிய இடத்தில் 15 வருகிறது. எண்ணை ஏற்றி மீட்டரில் 20 வரவழைத்துவிடுகிறார் ஒருவர். அடுத்த வாரம் இன்னொருவர் நல்லெண்ணத்தோடு புதுக் கண்ணாடி மாட்டுகிறார். இப்போது தோலில் விழுவது 26.7. திரையில் அப்போதும் 20. ஆகையால் முதலில் துடைக்க வேண்டும், மறுபடி அளக்க வேண்டும், பிறகு வேறு ஹேண்ட்பீஸ், வேறு இழை மாற்றிப் பார்க்க வேண்டும். பெருக்கு எண்ணைத் தொடுவது கடைசியில். தொடுமுன் பழைய எண்ணைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் தோல் வெந்த சம்பவங்கள் உண்டு. சுடுவதற்கு ஒரு கணம் முன் குளிர்திரவம் தெளிக்கும் கருவிகளில், தெளிப்பும் ஒளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். தெளிப்பான் சற்று விலகினாலோ, ஹேண்ட்பீஸைச் சாய்த்துப் பிடித்தாலோ, வட்டத்தின் ஒரு விளிம்பு குளிராமல் தப்பிவிடும். அப்போது தோலில் விழும் காயம் வட்டமாக இருக்காது, பிறைபோல் வளைந்திருக்கும். பிறையைக் கண்டால் எனர்ஜி மீட்டரை எடுக்க வேண்டாம், தெளிப்பானைப் பாருங்கள்.