மாமரத்தடியில் ஒரு மோட்டார் படகு: அடையாளம் தெரியாத ஒயர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் பக்கம் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். அதற்குத் துடுப்பு ஒன்று போதும். அதனால் ஓசூர் நண்பர், பழவேற்காட்டில் ஓட்டுவதற்காக வாங்கிய பழைய மோட்டார் படகை கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில், லாரிக்கு ஒயரிங் பார்க்கும் கடையின் மாமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியபோது சின்னக் கூட்டமே கூடிவிட்டது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால் கொத்தாக ஒயர்கள். சிலவற்றின் நுனியில் கப்ளர் இருந்தது, சிலவற்றை யாரோ பாதியில் வெட்டிவிட்டிருந்தார்கள்.

கடைக்கார அண்ணன் ஒயரைத் தொடவே இல்லை. முதலில் பேட்டரியைக் கழற்றினார். பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்து, படகின் மூடிகளையெல்லாம் திறந்துவைத்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தண்ணீர்போலப் படகின் அடியில் தேங்கி நிற்கும். சோதிக்கும்போது சின்னப் பொறி தெறித்தாலும் போதும், பற்றிக்கொள்ளும். டீசல் லாரியில் பழகிய கைக்கு இந்தப் பயம் எளிதில் வராது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே? ஓரளவுக்கு முடியும். படகில் ஓடுவது 12 வோல்ட் டிசி. யமஹா எஞ்சின்களில் சிவப்பு பேட்டரி பாசிட்டிவ், கருப்பு எர்த், பழுப்பு செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சிக்னல், மஞ்சள் சாவியைத் திருப்பினால் வரும் பாசிட்டிவ். ஆனால் அமெரிக்கப் படகுத் தரத்தில் அதே மஞ்சள், நெகட்டிவ்! அந்த ஊர் வீட்டு மின்சாரத்தில் கருப்புதான் ஷாக் அடிக்கும் லைவ் ஒயர். அந்த வீட்டு மின்சாரமும் பேட்டரி டிசியும் சேர்ந்து இருக்கும் படகில் கருப்பைப் பார்த்து ஆள் குழம்பிவிடக்கூடாது என்றுதான் டிசி நெகட்டிவுக்கு மஞ்சளையும் சேர்த்தார்கள். இப்போது ஜப்பான் எஞ்சினை அமெரிக்க முறையில் ஒயரிங் செய்த படகில் பூட்டினால், ஒரே டேஷ்போர்டில் இரண்டு மஞ்சள், இரண்டும் நேரெதிர். இடையில் யாராவது கையில் கிடைத்த ஒயரை வைத்து ஒட்டுப்போட்டிருந்தால் நிறம் சொல்வது எதையும் நம்பமுடியாது.

அதனால் ஒயர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் பெயர் வைக்கவேண்டும். அதிலும் முதலில் தேடவேண்டியது எஞ்சினை நிறுத்தும் ஒயர். பழைய பாணி மேக்னெட்டோ இக்னிஷனில், சுழலும் ஃப்ளைவீலில் உள்ள காந்தமே ஸ்பார்க்குக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிவிடும். பேட்டரியே தேவையில்லை. அப்படியானால் எஞ்சினை நிறுத்துவது எப்படி? அந்த மின்சாரத்தை எர்த்தில் இறக்கிவிட வேண்டியதுதான். தோட்டத்தில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரும் இப்படித்தான் நிற்கிறது. வீட்டு ஸ்விட்சை அணைத்தால் இணைப்பு துண்டிக்கப்படும். இங்கே சாவியை அணைத்தால் இணைப்பு உண்டாகிறது. ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டும் கயிறு பிடுங்கிக்கொண்டாலும் நடப்பது இதுதான். இந்த ஒயரில், 'என்னவென்று பார்க்கலாமே' என்று பேட்டரி பாசிட்டிவை வைத்தீர்கள் என்றால் ஸ்பார்க்கைக் கொடுக்கும் சிடிஐ யூனிட்டே போய்விடலாம்.

கண்டுபிடிப்பது எளிது. பேட்டரி இல்லாமலே, மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, சாவிப் பக்கத்தில் ஒரு முனையை எர்த்திலும் இன்னொன்றை அந்த ஒயரிலும் வையுங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போது கத்தி, ஆன் செய்ததும் அடங்கினால் அதுதான். யமஹாவில் அது பெரும்பாலும் வெள்ளை. எங்கள் படகில் பச்சையாக இருந்தது!

பெட்ரோல் அளவு காட்டும் ஒயர் இன்னும் அழகானது. மீட்டரை ஓமில் வைத்துக்கொண்டு, டேங்கிலிருந்து எடுத்த மிதவையின் கையை விரலால் மெல்லத் தூக்கினோம். 240இல் இருந்த எண் 180, 110 என்று இறங்கி, முழுக்கத் தூக்கியதும் 33இல் நின்றது. காலியென்றால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம், இது அமெரிக்க முறை. ஐரோப்பிய முறையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே எந்த மீட்டர் வாங்கவேண்டும் என்று சொல்லிவிடும்.

அப்புறம் பேட்டரியை மாட்டினோம். நேராக அல்ல, 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை நடுவில் போட்டு. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். அப்போதும் 1.75 ஆம்பியர் அளவுக்குத்தான் மின்சாரம் போகும் என்பதால் ஒயர் உருகாது. ஷார்ட் இல்லை என்று தெரிந்தபின் பல்பை எடுத்துவிட்டுச் சரியான பியூஸ் போட்டோம்.

படகுக்குள் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் ஒயரில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. ஆனால் பம்ப் அசையவே இல்லை. நிறையப் பேர் பம்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குவது இந்த இடத்தில்தான். டிஜிட்டல் மீட்டருக்குள் சுமார் 1 கோடி ஓம் தடை இருக்கிறது, அது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரே ஒரு இழை உயிரோடு இருந்தாலும் முழு வோல்டேஜைக் காட்டிவிடும். அதே இண்டிகேட்டர் பல்பை அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டினோம். 12.6 சட்டென்று 5க்கு விழுந்தது. உதாரணத்துக்கு, 3 ஓம் சுமைக்கு வழியில் 1 ஓம் தடை இருந்தாலே, நாலில் ஒரு பங்கு வோல்டேஜ் அங்கேயே போய்விடும் என்று கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும்.

ஜாயிண்ட்டை வெட்டி மேலுறையை உரித்துப் பார்த்தோம். செம்பு கருத்துப்போய், நகத்தால் தேய்த்தால் பச்சைப் பொடி உதிர்ந்தது. உப்புத்தண்ணீர் இழைகளின் இடுக்கில், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறியிருக்கிறது. ஒரு சாண் வெட்டிய பிறகுதான் பளபளப்பான செம்பு வந்தது. படகுக்கு வெள்ளீயம் பூசிய ஒயர்தான் போடவேண்டும் என்பது இதனால்தான்.

கடைசியில் மிஞ்சியது ஐந்து பின் உள்ள ஒரு சின்ன வட்டக் கப்ளர். உள்ளே சிவப்பு, கருப்பு, வெள்ளை, நீலம், மேலுறை இல்லாத ஒரு கம்பி. ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்எம்இஏ 2000 இணைப்பு அது. பவரை அணைத்துவிட்டு வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே அளந்தோம், 60 ஓம். இரு கோடியிலும் ஆளுக்கு 120 ஓம் தடை இணையாக இருப்பதால் வரும் பாதி அது. 120 காட்டியிருந்தால் ஒரு கோடித் தடை கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு ஒயரிலும் டேப் சுற்றிப் பெயர் எழுதி முடித்தார் அண்ணன். ஒரு ஆரஞ்சு ஒயர் மட்டும் எதிலும் போய்ச் சேரவில்லை. அதை வெட்டி எறியாமல், நுனியை மூடி, 'எங்கேயும் போகவில்லை, 12 வோல்ட் இல்லை' என்று எழுதி ஓரமாகக் கட்டிவைத்தார்.