நாற்பத்தெட்டு வோல்ட்தானே என்று தொடாதீர்கள்

போன மார்கழியில் ஒரு நாள், இரவு பத்தரை மணிக்கு போன் வந்தது. "தம்பி, கார் ஷெட்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்குதுங்க. எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதான்னு தேடிட்டு இருக்கறேன்."

பேசியவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கோவையில் வடவள்ளிப் பக்கம் வீடு. பெங்களூரிலிருந்து 2004ஆம் ஆண்டு ரேவா மின்சாரக் கார் ஒன்றை வாங்கி வந்து, வீட்டிலேயே உயிர்கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"சார், சார்ஜ் போட்டிருக்கீங்களா?"

"காலையில இருந்து ஓடுதுங்க."

"ஷெட் கதவு?"

"பனிக்கு மூடி வச்சிருக்கறேன்."

ஷெட்டில் லைட் சுவிட்சைக்கூடத் தொட வேண்டாம், வாசலில் மீட்டர் பெட்டிக்குப் போய் மெயினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுங்கள், நான் வரும்வரை உள்ளே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நாப்பத்தெட்டு வோல்ட்தானுங்களே தம்பி, என்ன பண்ணிரப் போகுது?"

இந்தக் கேள்வியை நான் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். மில்களில் பாரம் தூக்கும் பேட்டரி வண்டி, அதாவது ஃபோர்க்லிஃப்ட், பழுது பார்ப்பதுதான் என் பழைய வேலை. பழைய ரேவாக்கள் என்னிடம் வர ஆரம்பித்தது அப்புறம்தான். இரண்டிலும் ஈய அமில பேட்டரிதான், பிரச்சினைகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ரேவாவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சேத்தன் மைனி பெங்களூரில் உருவாக்கி 2001இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சாரக் கார் அது. லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. 2010இல் நிறுவனம் மஹிந்திரா கைக்குப் போனது. இரும்புச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் உடம்பு, முன் இருக்கைகளுக்கு அடியில் ஆறு வோல்ட் பேட்டரி எட்டு, மொத்தம் நாற்பத்தெட்டு வோல்ட். சட்டக் கணக்கில் இதெல்லாம் 'விண்டேஜ்' கிடையாது, அதற்கு ஐம்பது வயதாக வேண்டும். ஆனாலும் மின்சாரக் கார் உலகில் இது தாத்தாதான்.

சரி, நாற்பத்தெட்டு வோல்ட்டுக்கு வருவோம். காய்ந்த கையால் தொட்டால் பெரும்பாலும் ஷாக் தெரியாது. ஜனங்கள் ஏமாறுவது இங்கேதான். வெல்டிங் பட்டறையில் ராடு இரும்பை உருக்கும்போது அந்தத் தீப்பொறிக்குக் குறுக்கே இருப்பது இருபது முப்பது வோல்ட்தான். இரும்பை உருக்குவது வோல்ட் அல்ல, ஆம்பியர். ரேவாவில் இருப்பது 200 ஆம்பியர் மணி (எவ்வளவு மின்சாரம் பிடித்து வைக்கும் என்ற அளவு) பேட்டரிகள். ஒன்றின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் சிவக்கும், ஈயம் உருகித் தெறிக்கும். அந்தப் பொறி பேட்டரி வாயைத் தொட்டால் பேட்டரியே வெடிக்கும்.

என் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். கையில் செப்புக் காப்பு, அம்மா பழனியிலிருந்து வாங்கி வந்து போட்டுவிட்டது. ஒரு பக்கம் ஸ்பேனர், மறுபக்கம் காப்பு, நடுவில் நான். ஒரு நொடிகூட இருக்காது. காப்பை வெட்டித்தான் எடுத்தார்கள். ஷாக் என்று எதுவுமே தெரியவில்லை, அது ஒன்றுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அதனால் பழைய மின்சார வண்டிக்குப் பக்கத்தில் போகும் முன் மோதிரம், காப்பு, செயின், வாட்ச், சட்டைப் பையிலிருக்கும் பேனா எல்லாம் வீட்டுக்குள் போகட்டும். ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றுங்கள், போல்ட்டைப் பிடிக்கும் முனை மட்டும் வெளியே தெரிந்தால் போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நீங்கள் அப்போது கை வைக்காத பேட்டரிகளின் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு மூடுங்கள். சாவியை எடுத்து, சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, நான்காவது பேட்டரிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலுள்ள இணைப்பை முதலில் கழற்றுங்கள். நாற்பத்தெட்டு இரண்டு இருபத்துநான்காக உடைந்துவிடும். ஆபத்து முழுக்கப் போகாது, குறையும்.

இப்போது அந்த முட்டை நாற்றம். வண்டி நான்கு வருடம் நின்றிருக்கிறது. பேட்டரிக்குள் தட்டுகளில் உப்பு படிந்து, ஒரு செல் (பேட்டரிக்குள் இருக்கும் இரண்டு வோல்ட் அறை) உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தது. எட்டு பேட்டரிக்கு மூன்று மூன்றாக மொத்தம் 24 செல். சார்ஜர் பார்ப்பது மொத்த வோல்ட்டை மட்டும். செல்லுக்கு 2.4 என்று கணக்கு வைத்து 57.6 வரை ஏற்றும். ஒரு செல் செத்துப்போனால் அதே 57.6 மிச்சமுள்ள 23 செல்லுக்குப் பங்காகும், ஆளுக்கு 2.5. அது அதிகம். தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி விடும், சூடேறும், கடைசியில் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அதுதான் முட்டை நாற்றம். அது விஷவாயு. கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போகும் என்பதால், நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே போகிறவர்களும் உண்டு.

நாற்றமே இல்லாமல் வருவது ஹைட்ரஜன். ஒரு ஆம்பியர் மணி கூடுதல் சார்ஜுக்கு ஒரு செல் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் விடும். பத்து ஆம்பியரில் 24 செல்லும் ஒரு மணி நேரம் குமிழி விட்டால் நூறு லிட்டர். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பெரிய ஷெட் நிரம்ப நேரமாகும், ஆனால் இருக்கைக்கு அடியில் மூடிய பேட்டரிப் பெட்டிக்கு ஓரிரு நிமிடம் போதும். ஆகவே சார்ஜ் போடும்போது இருக்கைகளைத் தூக்கி வையுங்கள், கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். நிறுத்தும்போது முதலில் சுவரில் சுவிட்சை அணையுங்கள், பிறகுதான் பேட்டரிப் பக்கத்து வயர். வரிசை மாறினால் பொறி விழுவது சரியாக வாயு இருக்கும் இடத்தில்.

நின்றுபோன வண்டிக்கு எடுத்த எடுப்பில் சார்ஜ் போடுவதே தப்பு. முதலில் டிஸ்டில்ட் வாட்டர் தட்டு மூழ்கும் அளவுக்கு மட்டும். முழுக்க ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் வழியும், மீதியைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக, ஆள் பக்கத்திலிருக்கும்போது, குறைந்த ஆம்பியரில் ஏற்றுங்கள். பிறகு ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லுக்கும் கிராவிட்டி, அதாவது அமிலத்தின் அடர்த்தி, பாருங்கள். மற்றதெல்லாம் 1250 காட்டி ஒன்று மட்டும் 1200க்குக் கீழே நின்றால் அந்தச் செல் போச்சு. மருந்து ஊற்றினால் பிழைக்கும் என்று விற்கிறார்கள். நான் வாங்குவதில்லை. பழைய ஏழோடு புதிய ஒன்றைச் சேர்ப்பதும் வேண்டாம், ஏழும் சேர்ந்து புதியதையும் சாகடித்துவிடும்.

அமிலம் சிந்தினால் ஆப்ப சோடாவைத் தூவுங்கள், நுரை அடங்கும்வரை. கண்ணில் பட்டால் சோடா எதுவும் வேண்டாம், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. ரேவாவின் உடம்பு பிளாஸ்டிக் என்பதால் வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். பேட்டரியைத் தூக்கிவிட்டு அடியில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், அமிலம் வழிந்த இடத்தில் இரும்புச் சட்டம் அப்பளமாகியிருக்கும். நான் பார்த்த ஒரு வண்டியில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போயே விட்டது. அதை வெல்டு செய்வதென்றால் பேட்டரி எட்டும் வெளியே போன பிறகுதான். ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல், தனியாளாகக் குனிந்து தூக்கி முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டோமே, இனி பயமில்லை என்று, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் கை வைக்கிறார்கள். அதற்குள் பெரிய கெபாசிட்டர்கள் உண்டு, பேட்டரி போன பிறகும் அவை மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு வயர் இணைத்த பழைய குண்டு பல்பை முனைகளில் சில நொடி வைத்து இறக்கிவிட்டு, மல்டிமீட்டரால் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்கும் வித்தை வேண்டாம். சோதனை ஓட்டத்துக்குப் பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பெட்ரோல் வண்டிபோல் உறுமி எச்சரிக்காது, சத்தமே இல்லாமல் பாயும்.

வங்கிக்காரர் வண்டியில் இன்னொன்றும் கண்டேன். முன்பு வைத்திருந்த யாரோ ஃபியூஸ் இருந்த இடத்தில் செப்புத் தகட்டை வைத்து முடுக்கியிருந்தார்கள். வீட்டு ஃபியூஸும் இங்கே உதவாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரமான டிசியில் அந்த இடைவெளி கிடையாது, ஃபியூஸ் உருகிய பிறகும் பொறி வழியாகவே ஓடிக்கொண்டிருக்கும். டிசிக்கென்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும். சார்ஜருக்கு பவர் பிளக், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எக்ஸ்டென்ஷன் வயரைக் கார் அடியில் ஓடவிடாதீர்கள்.

லித்தியம் போடலாமா என்று தவறாமல் கேட்பார்கள். போடலாம், எடையும் குறையும். பதினாறு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லுக்கு 51.2 வோல்ட் என்பதால் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் பழைய ஈய அமில சார்ஜரை அப்படியே மாட்டக் கூடாது, ஒவ்வொரு செல்லையும் கவனிக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை இல்லாமலும் கூடாது. எங்கிருந்து வந்ததென்று தெரியாத செகண்ட் ஹேண்ட் செல்லைப் படுக்கையறைக்கு அடுத்த ஷெட்டில் வைக்க நான் உதவ மாட்டேன், கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இருக்கிறது. ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, ஆர்டிஓவில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்சி புதுப்பிக்க எப்படியும் போகத்தானே வேண்டும்.

கழற்றிய பழைய பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஈயத்தை வெறும் அடுப்பில் உருக்குவார்கள். அந்தப் புகை முதலில் கெடுப்பது அந்தத் தெருக் குழந்தைகளின் மூளையை. புது பேட்டரி விற்பவரிடமே கொடுத்தால் விலையிலும் கழிப்பார்.

அவருடைய ரேவா பொங்கல் கழிந்து ஓட ஆரம்பித்தது. எட்டு புது பேட்டரி, ஷெட்டின் கூரையோரம் காற்றுப் போக இரண்டு அடிக்கு ஜாலி. அவர் கல்யாணத்தன்று போட்ட மோதிரம் முப்பத்தெட்டு வருடமாக விரலை விட்டு வந்ததில்லை. சோப்புத் தண்ணீர் போட்டு நான்தான் உருவினேன், அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஷெட்டுக்கு ஒரே சாவி. அது தொங்கும் ஆணியில் அவர் ஒரு சின்னத் தகர டப்பாவையும் கட்டி வைத்திருக்கிறார். சாவியை எடுக்கும்போது மோதிரம் டப்பாவுக்குள் போகும், சாவியை மாட்டும்போது விரலுக்குத் திரும்பும். டப்பா காலியாக இருக்கிறதா என்று தினமும் ராத்திரி பார்ப்பது அந்த அம்மாவின் வேலை.