பாம்பு வரும் பின்னே, பெட்டி வரும் முன்னே

"டாக்டர், பாம்பு வாங்கிட்டேன். பெட்டி எப்படி இருக்கணும்?"

காரைக்குடி வட்டாரத்தில் ஆடு, மாடு, நாய் பார்க்கிற கால்நடை மருத்துவருக்கு இப்போதெல்லாம் இப்படியும் போன் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். இல்லையென்றால் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் கேள்வி வரும்போது பாம்பு ஏற்கெனவே மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சுருண்டு கிடக்கும். பெட்டி தயாராகி, அது வெறுமையாகவே இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகுதான் பாம்பு வர வேண்டும். நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

அதற்கும் முன்னால் சட்டம். நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வளர்க்க முடியாது. சாரை, நல்லபாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு எல்லாமே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொல்லையில் கிடைத்த குட்டி, யாரோ தந்தது, பாவம் அடிபட்டிருந்தது என்ற எந்தச் சமாதானமும் எடுபடாது. மண்ணுளியை 'இரட்டைத் தலைப் பாம்பு' என்று சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசுகிற புரோக்கர்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

வளர்ப்புக்கு என்று இங்கே கைமாறுபவை வெளிநாட்டு இனங்கள். முதல்முறை வளர்ப்பவர்கள் அதிகம் கேட்பது இரண்டு: அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்னேக், மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் (Ball Python) என்ற மலைப்பாம்பு. இரண்டுக்கும் விஷம் கிடையாது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் பால் பைத்தான் இருக்கிறது. நம் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி அந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். 2024-இல் இதற்கான விதிகள் வந்தன, பதிவு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில். கைமாறினாலும், முட்டை பொரித்தாலும், பாம்பு செத்தாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்னேக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி உரிமம் வேண்டும். ஆகவே எந்த இனமானாலும் விற்பவரிடம் அது வந்த வழிக்கான காகிதங்களைக் கேளுங்கள். "பேப்பரெல்லாம் அப்புறம் அனுப்புறேன்" என்று இழுத்தால் பணத்தை நீட்டாதீர்கள்.

இதில் மருத்துவருடைய கவலையும் ஒன்று உண்டு. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளைச் சுங்கத்துறை பிடித்தது. அப்படி அடைத்துக் கொண்டுவரப்படுபவை தண்ணீர்ச் சத்து வற்றி, உண்ணியும் நுரையீரல் தொற்றுமாக வந்து சேரும். விலை குறைவு என்று வாங்கினால் முதல் மாதமே என்னைப் போன்ற ஒருவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சரி, பெட்டிக்கு வருவோம். இணையத்தில் இருக்கிற வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எடுத்தவை. அவை எல்லாமே பாம்பை எப்படிச் சூடாக வைப்பது என்றே சொல்லும். பல்பு, ஹீட் மேட் என்கிற மின்சாரச் சூட்டு விரிப்பு, மின்சாரத்தில் சூடாகும் சூட்டுக் கல் என்று பட்டியல் போடும். நமக்குச் சிக்கலே நேர் எதிர். சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். கார்ன் ஸ்னேக்குக்கு இரண்டு முனையுமே இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பது நல்லது. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமென்றால் இந்த முனைக்கு வரும், போதுமென்றால் அந்த முனைக்குப் போகும். பெட்டி முழுக்க 36 டிகிரி ஆகிவிட்டால் அதற்குப் போக்கிடமே இல்லை. குளிர்ந்தால் சில நாள் சோர்ந்து கிடக்கும், செரிக்காமல் கக்கும். சூடு மிஞ்சினால் ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடும்.

ஆகவே நீங்கள் முதலில் தேட வேண்டியது அறை. இந்த விஷயத்தில் நம் பழைய வீடுகள் கொடுத்துவைத்தவை. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள உள்ளறைகளின் தடித்த சுண்ணாம்புச் சுவரும், உயரமான கூரையும், கீழே ஆத்தங்குடிக் கல்லும் கோடையிலும் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். அப்படி ஒரு அறையில், தரையோடு ஒட்டாமல் ஒரு முக்காலி உயரத்தில் பெட்டி இருக்கட்டும். முற்றத்து ஓரம் அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். வெயில் சாய்ந்து கண்ணாடி மேல் அரைமணி நேரம் விழுந்தாலே உள்ளே அடுப்பு. கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையையும் மேற்குச் சுவர் உள்ள அறையையும் மறந்துவிடுங்கள்.

மின்விசிறி போட்டால் பெட்டிக்குள் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். வியர்க்காத பிராணிக்கு, அதுவும் மூடிய பெட்டிக்குள், விசிறியால் பெரிய பலன் இல்லை. ஏர்கூலர் ஓடும் அறையில் ஈரப்பதம் ஏறிவிடும். அது கார்ன் ஸ்னேக்குக்கு ஆகாது, வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும். கரண்ட் போன கோடை மத்தியானத்துக்கு, தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணி சுற்றி, பெட்டியின் குளிர்ந்த முனையில் வெளிப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள்.

சூடே வேண்டாமா என்றால், வேண்டும். மார்கழி, தை இரவுகளிலும், ஐப்பசி அடைமழையிலும் ஹீட் மேட் தேவைப்படும். சூடு அளவை எட்டியதும் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் அதை வாங்கவே வாங்காதீர்கள். சூட்டை உணர்ந்து பாம்பே விலகிவிடும் என்று நம்ப முடியாது. வயிறு வெந்து கொண்டுவரப்படும் பாம்புகள் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் இல்லாத வீட்டிலிருந்துதான் வருகின்றன. சூட்டுக் கல்லும் அப்படித்தான், வேண்டாம்.

வெறும் பெட்டியை இரண்டு வாரம் ஓட்டச் சொன்னது இதற்காகத்தான். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்துவைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் கிடைக்கின்றன. முனைக்கு ஒன்று வைத்து, விடிகாலையிலும் பிற்பகல் 3 மணிக்கும் நோட்டில் எழுதுங்கள். எண்கள் நிலைத்த பிறகு பாம்பைப் பற்றி யோசிக்கலாம். சித்திரையில் ஆரம்பிப்பது இன்னும் நல்லது. அந்த மாதத்தில் தாக்குப்பிடிக்கிற அறை வருடம் முழுக்கத் தாக்குப்பிடிக்கும்.

பெட்டியாக எதை வைப்பது? முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு பீரோவைப் பார்த்ததும் சிலருக்கு யோசனை வந்துவிடுகிறது. கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். பர்மா தேக்கு, பித்தளைப் பிடி, பார்க்க ராஜ கம்பீரம். அதற்குள் அந்துருண்டை வாசனை ஆளைத் தூக்கியது. மேலே புதிதாக அடித்த பாலிஷ் வேறு. இந்த ஆவியெல்லாம் மூடிய இடத்தில் பாம்பின் நுரையீரலுக்குப் போகும். பின்பலகையில் விரல் நுழையும் இடுக்கும் இருந்தது. பென்சில் தடிமன் உள்ள கார்ன் ஸ்னேக் குட்டி, தலை நுழைகிற எந்தச் சந்திலும் உடம்பை நுழைத்துவிடும். பழைய பீரோதான் வேண்டும் என்றால், பல மாதம் திறந்துபோட்டு வாசனை முழுதும் போன பிறகு, இடுக்கை அடைத்து, காற்றுத் துளைக்கு நுண்ணிய கம்பிவலை தைத்து, கதவுக்குப் பூட்டுப் போட்டுப் பயன்படுத்தலாம். அதற்குப் புதிதாகச் செய்துவிடுவதே சுலபம் என்பது என் கருத்து.

வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். பாம்பு முழு நீளத்துக்கு நிமிர்ந்து கிடக்க இடம் இருக்க வேண்டும். குட்டிக்குச் சிறிய பெட்டி போதும். பெரியதிலேயே விடுவதானால், ஒளிய நிறைய இடம் வைத்து நெருக்கமாக்குங்கள். ஒளியும் கூடு இரண்டு, சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. கூடு உடம்பை உரசுகிற மாதிரி இறுக்கமாக இருந்தால்தான் பாம்புக்கு நிம்மதி. கவிழ்த்த மண்சட்டியில் வாசல் வெட்டி, விளிம்பை மழுங்கத் தேய்த்து வைத்தாலே போதும். கவிழாத கனமான தண்ணீர்த் தொட்டி ஒன்று. தரைக்கு, உப்புப் போகக் கழுவிக் காயவைத்த தேங்காய் நார்த்தூள். புதிதாக வந்த பாம்புக்கு முதல் சில வாரம் செய்தித்தாள் விரிப்பே சரி. உண்ணி இருந்தாலும் எச்சம் சரியில்லை என்றாலும் உடனே கண்ணில் படும்.

எறும்பு பெரிய தொல்லை. எறும்புச் சாக்பீஸ், பூச்சி மருந்து, கொசுவர்த்தி எதுவும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. சமையலறை அலமாரிக்குச் செய்கிற மாதிரி முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சாம்பிராணியை அடுத்த கட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பூட்டுக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. பழுப்பில் கருப்புத் திட்டு போட்ட பால் பைத்தான், மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடி விரியனைப் போலவே தெரியும். தப்பித்துப் பக்கத்து வீட்டுக்குப் போனால் கம்புதான் பதில். இதைவிடப் பயங்கரம் இதன் மறுபக்கம். கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை, நல்லபாம்பு நான்கும் இருக்கிற பூமி இது. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடுகளும் எலியும் இங்கே ஏராளம். வளர்ப்புப் பாம்பைத் தூக்கிப் பழகிய பிள்ளை, இரவில் முற்றத்தில் கிடப்பது தன்னுடையதுதான் என்று கைவைத்துவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி போடுங்கள்: பெட்டிக்கு வெளியே தெரிகிற எந்தப் பாம்பும் நம்முடையது இல்லை. முதலில் பெட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே நம் பாம்பு இருந்தால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றாலும், டார்ச் அடித்துத் தூரத்திலிருந்து உறுதியாகும் வரை கைவைக்கக் கூடாது. யாரையாவது கடித்துவிட்டால் எந்தப் பாம்பு என்று ஆராயாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இரை விஷயத்தில் வீட்டில் சண்டை வரும், தெரிந்தே சொல்கிறேன். பாம்பு முழு எலி தின்னும். கோழிக்கறித் துண்டும் முட்டையும் பாலும் அதற்கு உணவு ஆகாது. உறைந்த எலியை வாங்கி ஃப்ரீசரில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உருகவைத்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பான முறை. ஒரு வீட்டு அப்பத்தா என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏன் தம்பி, ஆவக்காயும் எலியும் ஒரே ஐஸ் பெட்டியிலயா?" அவர் கேட்டது நியாயம். அதற்கென்று தனிச் சின்ன ஃப்ரீசர் வாங்க முடியாதவர், பாம்பு வாங்குவதையே தள்ளிப்போடலாம். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டால் எலிதான் பாம்பைக் கடிக்கும். வீட்டில் பொறியில் விழுந்த எலியோ எலிமருந்து தின்றதாகவும் இருக்கலாம். பாம்பின் உடம்பில் தடித்த பகுதி எவ்வளவோ, இரையும் அவ்வளவு தடிமன். குட்டிக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. பால் பைத்தான் சில சமயம் மாதக்கணக்கில் தின்னாது. எடை குறையாதவரை பதற வேண்டாம். அதற்காகத்தான் ஒரு சமையலறைத் தராசு வாங்கிவைக்கச் சொல்வது.

வந்த முதல் வாரம் கையில் எடுக்காதீர்கள். இரை தின்ற பிறகு இரண்டு நாள் எடுக்காதீர்கள். கண் பால் படர்ந்த மாதிரி மங்கினால் தோல் உரிக்கப் போகிறது, அப்போதும் எடுக்காதீர்கள். ஈரமான நார்த்தூள் போட்ட டப்பா ஒன்றை உள்ளே வைத்தால் தோல் முழுசாகக் கழலும். கண்மேல் தோல் ஒட்டிக்கொண்டால் இடுக்கியால் பிய்க்க வேண்டாம், கண்ணே போய்விடும். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் நுரை, மூச்சில் விசில் சத்தம், வாயோரம் சீழ், செதிலுக்கடியில் நகரும் கரும்புள்ளிகள், தின்றதைத் திரும்பத் திரும்பக் கக்குவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. மதுரையிலோ திருச்சியிலோ பார்ப்பவர் யார் என்று பாம்பு வாங்கும் முன்பே விசாரித்து எண்ணை வாங்கிவையுங்கள். கூட்டிப்போகும்போது பருத்தித் தலையணை உறைக்குள் பாம்பை விட்டு வாயைக் கட்டி, துளையுள்ள டப்பாவுக்குள் வைத்து, விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். தெர்மாமீட்டர் நோட்டையும் கையோடு எடுத்துவாருங்கள். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.