ஆரி வேலை தொடங்கும் முன் கழுத்தளவைப் பேசிவிடுங்கள்

தேவாலயத் திருமணத்தில் மணப்பெண்ணின் முகத்தைவிட அவளுடைய முதுகையே மக்கள் அதிக நேரம் பார்க்கிறார்கள். மணமக்கள் பீடத்தை நோக்கி நிற்கிறார்கள், முழந்தாளிடுகிறார்கள். வந்திருப்போர் அனைவரும் பின்னால் அமர்ந்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் மணப்பெண் உடைகள் தைத்துவரும் எனக்கு, உடையைப் பற்றிய மனக்கசப்புகள் பெரும்பாலும் இந்தப் பின்கழுத்தில்தான் தொடங்குகின்றன என்று தெரியும்.

ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை செய்யும் பெண்கள், இறக்கமான பின்கழுத்தும் ஜன்னல் வைத்த முதுகும் கொண்ட பிளவுஸ் படங்களைக் கைப்பேசியில் கொண்டுவருகிறார்கள். எலத்தகிரியிலிருந்தோ கோவிலூரிலிருந்தோ உடன் வரும் தாய்மார்கள், கழுத்தை ஒட்டி, முழங்கை வரை கை வைத்துத் தைக்கச் சொல்கிறார்கள். இருவரும் தங்களுக்குத் தெரிந்த கண்ணியத்தையே கேட்கிறார்கள் என்பதால், எவரையும் நான் குறைத்துப் பேசுவதில்லை.

ஏனெனில் அளவுகோல் ஒருபோதும் ஓரிடத்தில் நின்றதில்லை. கோயிலில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் சொன்னது; 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்த விதி இல்லை. ஆயினும் முக்காடு இல்லாமல் திருப்பலிக்குப் போவதை நம் பாட்டிமார் இன்றும் ஏற்பதில்லை. இன்று கிறிஸ்தவ மரபாகவே கருதப்படும் வெள்ளை மண உடை, 1840-இல் விக்டோரியா அரசியின் திருமணத்துக்குப் பிறகுதான் பரவலாயிற்று. இவற்றையெல்லாம்விட நாம் மறக்கக் கூடாதது தென்திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம். மார்பை மறைத்து உடுத்தியதற்காகவே அங்கே நாடார் பெண்கள், கிறிஸ்தவம் தழுவியவர்கள் உட்பட, தாக்கப்பட்டார்கள். 1859 ஜூலையில் அரசாணை பிறந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த உரிமை வந்தது. பெண்ணின் உடலில் எது மறைய வேண்டும் என்பதை அவளைக் கேட்காமல் பிறர் முடிவு செய்வது எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவேதான், திருமணத்தன்று கோயில் வாசலில் மணப்பெண்ணை நிறுத்தி, எல்லாரும் பார்க்க அவள் தோளில் துப்பட்டாவைப் போர்த்திவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விதி இருக்கலாம்; அதைச் சொல்லும் நேரம் அதுவன்று. மணமகனின் உடைக்குக் கோயிலில் என்ன விதி என்று இதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

தொழில்முறையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆரி வேலை எனப்படும் கொக்கி ஊசிப் பூவேலை, துணியை வெட்டித் தைப்பதற்கு முன்பே, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கழுத்தின் கோட்டை ஒட்டியே செய்யப்படுகிறது. வேலை முடிந்த பின் கழுத்தை உயர்த்த வழியில்லை. ஒட்டுத் துணி வைத்தால் அது தனியாகத் தெரியும். வேலைப்பாடு முடியப் பல நாட்கள் ஆகும் என்பதால், மூன்று ஞாயிறுகளில் கோயிலில் திருமண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கப்படும் வேளையில் பெரும்பாலும் துணி மரச்சட்டத்தில் ஏறியிருக்கும். எனவே நிச்சயம் முடிந்த உடனே பங்குத்தந்தையிடமோ சபைப் போதகரிடமோ கேட்டுவிடுங்கள். நகையே அணியாத பெந்தெகொஸ்தே சபைகளும் இங்கே உள்ளன. ஒரு கோயிலில் ஏற்கப்படுவது அடுத்த கோயிலில் ஏற்கப்படாமல் போகலாம்.

இறக்கமான கழுத்தே வேண்டும் என்ற பெண்ணுக்கு, தோல் நிறத்தில் லைனிங் கொடுத்த நெட் துணியைக் கழுத்து வரை வைத்துத் தைக்கலாம், அல்லது வழிபாடு முடிந்ததும் கழற்றிவிடக்கூடிய மேலுடை ஒன்றைத் தனியாகத் தைக்கலாம். தலையில் அணியும் நெட்டு முதுகை மறைத்துவிடும் என்று நம்பாதீர்கள். கேமரா வெளிச்சத்தில் அது எதையும் மறைப்பதில்லை. தவக்காலத்தில் திருமணங்களைத் தவிர்ப்பதால் ஈஸ்டருக்குப் பின் கோடை வெயிலில்தான் பல திருமணங்கள் வருகின்றன. அப்போது பாலியஸ்டர் லைனிங் வேண்டாம், பருத்தியே போதும். உடையைப் போட்டுப் பார்க்கும் நாளில் கண்ணாடி முன் நின்று மட்டும் பார்க்காமல், முழந்தாளிட்டு, குனிந்து, மாலை மாற்றுவது போலக் கைகளை உயர்த்திப் பாருங்கள். பக்கத் தையலில் இருபுறமும் ஓரங்குலத் துணியாவது உள்ளே விடச் சொல்லுங்கள்.