பீரோவில் ஒரு அட்டை, முறுக்கு டப்பாவில் நூறு அட்டை

போன செவ்வாய்க்கிழமை ஓ.பி. முடிகிற நேரத்தில் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு முறுக்கு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே முழுக்க மாத்திரை அட்டைகள். ஒன்றில்கூட ஒரு மாத்திரை பிரிக்கப்படவில்லை. எல்லா அட்டையிலும் அரசு முத்திரை, விற்பனைக்கு அல்ல என்ற எழுத்து.

"வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆஸ்பத்திரியில வேற மாத்திரை எழுதிட்டாங்க டாக்டரம்மா. இதெல்லாம் சும்மா கெடக்கு. வேற யாருக்காவது ஆகும்ல, அதான் எடுத்தாந்தேன்."

நானும் நர்சும் எண்ணிப் பார்த்தோம். சுகருக்கு மெட்பார்மின் 66 அட்டை, பிரஷருக்கு அம்லோடிபின் 33 அட்டை. மொத்தம் 99. சரியாகப் பதினொரு மாத மருந்து. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தன்னார்வலர் மாதாமாதம் வெயிலில் நடந்து போய் அந்த வீட்டு வாசலில் கொடுத்த மருந்து. வாங்கிக் கையெழுத்துப் போட்டு, டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். எங்கள் பதிவேட்டில் அவர் "மருந்து பெறுகிறார்" என்ற கணக்கில் பத்திரமாக இருந்தார். வீட்டில் அவருடைய கிட்னி கெட்டுக்கொண்டிருந்தது.

ஒரு முறை வெளியே போன மாத்திரையை வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. எந்தச் சூட்டில் இருந்தது, என்ன ஈரம் பட்டது என்று தெரியாது. அழிக்கத்தான் வேண்டும். அதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வச்சிட்டுப் போங்கக்கா" என்றேன்.

இந்த வருடத்தில் எங்கள் வட்டாரத்தில் நான் பார்க்கும் இப்படியான நான்காவது குடும்பம் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த மனிதருக்கு வயது 52. லோடு ஏற்றி இறக்கும் வேலை. மூன்று வருடம் எங்களிடம் ஒழுங்காக மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர். டீக்கடையில் யாரோ, "ஃப்ரீயா குடுக்குற மாத்திரையில என்னய்யா பவர் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் மாதம் 900 ரூபாய்க்கு வாங்க ஆரம்பித்தார். மூன்று மாதம் ஓடியது. வேலை குறைந்தபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. அப்புறம் தலை சுற்றினால் மட்டும் ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை. கால் வீங்கி மூச்சு வாங்கியபோதுதான் ரத்தப் பரிசோதனை. கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்தபோது டயாலிசிஸைத் தவிர வேறு வழி இல்லாத இடத்துக்கு வந்திருந்தார்.

அதே மஞ்சப்பையில் இன்னொரு அட்டையும் இருந்தது. லேமினேட் செய்த, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. பீரோவில் நகையோடு வைத்திருந்ததாம். "கார்டு இருந்ததால டயாலிசிசுக்குக் காசு கேக்கலம்மா. பஸ்ஸுக்குத்தான் முடியல" என்றார். வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில் படுக்கை, போக வர அரை நாள். அவருக்கும் கூலி இல்லை, துணைக்குப் போகிற இந்த அம்மாவுக்கும் கூலி இல்லை. காப்பீடு மெஷினுக்குப் பணம் கட்டும். போன கூலியைக் கட்டாது, போன கிட்னியையும் கொண்டுவராது.

முதலில் இந்த "பவர்" விஷயத்தைப் பேசிவிடுகிறேன். என் பதினாறு வருட அரசு வேலையில் இதைவிட அதிகமாக என்னைக் கோபப்படுத்திய சொல் வேறில்லை.

500 மில்லிகிராம் மெட்பார்மின் என்றால் எங்கே வாங்கினாலும் 500 மில்லிகிராம் மெட்பார்மின்தான். மெடிக்கலில் கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், மருந்தின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் அட்டையில் மருந்தின் பெயர் மட்டும் இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். அப்புறம் ஏன் அங்கே அவ்வளவு விலை, இங்கே இலவசம்? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒரு அரசு நிறுவனம் 1994-ல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுக்க இருக்கிற எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குகிறது. பிராண்ட் பெயருக்கு விளம்பரம் இல்லை, டாக்டரைப் பார்க்க வரும் கம்பெனிப் பிரதிநிதி இல்லை, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி லாபம் இல்லை. அம்லோடிபினை அரசு வாங்கும் விலையில் கணக்குப் போட்டால் ஒரு ஆளுக்கு ஒரு மாதச் செலவு ஒரு டீ காசுகூட ஆகாது. மலிவாக இருக்கிறது என்பதற்காக மட்டம் என்று நினைக்காதீர்கள். கோடிக்கணக்கில் ஒன்றாக வாங்கினால் விலை இறங்கும். கல்யாணத்துக்கு மொத்தமாகக் காய்கறி வாங்கியவர்களுக்கு இது தெரியும்.

தரம்? வந்து இறங்கும் மருந்து நேராக எங்களுக்கு வராது. கிடங்கில் தனியாக நிறுத்தி வைக்கப்படும். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு பரிசோதனைக் கூடங்களுக்குப் போகும். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறினால்தான் ஆஸ்பத்திரிகளுக்கு விடுவார்கள். தேறாத பேட்ச்சைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பத் திரும்பத் தப்பு செய்தால் அந்தக் கம்பெனி டெண்டருக்கே வர முடியாது. இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் தங்கள் மாநிலங்களில் இதே மாதிரி கழகங்களை ஆரம்பித்தன. அடுத்த மாநிலத்துக்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போனதை நம் ஊர் டீக்கடையில் பவர் இல்லை என்கிறோம்.

"போன மாசம் வெள்ளையா இருந்துச்சு, இந்த மாசம் மஞ்சளா இருக்கு, மருந்தையே மாத்திட்டீங்க" என்பது அடுத்த புகார். டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். உள்ளே இருப்பது அதே மருந்து. இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. நிறம் மாறிய அன்றைக்கு மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே "மாத்திரை அதேதான், கம்பெனி வேற" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் பயந்திருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு 200 ஓ.பி. பார்க்கும்போது அந்த ஒரு வார்த்தை விட்டுப்போகிறது. சக மருந்தாளுநர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அந்த ஒரு வார்த்தையை விட்டுவிடாதீர்கள்.

"தனியார்ல போனா சுகர் உடனே இறங்குச்சே?" என்பார்கள். இறங்கியிருக்கும். அங்கே இரண்டாவதாக இன்னொரு மருந்தும் சேர்த்து எழுதியிருப்பார்கள். காசு கொடுத்து வாங்கியதால் வேளை தவறாமல் விழுங்கியிருப்பீர்கள். அந்த மாதம் சோற்றையும் குறைத்திருப்பீர்கள். இங்கே வந்து, பவர் இல்லை, சுகர் 280 நிற்கிறது என்று சண்டை போடுகிறவரிடம் நிதானமாகக் கேட்டால், "ராத்திரி மாத்திரை மறந்துரும் டாக்டர்" என்று மெதுவாகச் சொல்வார். டப்பாவுக்குள் கிடக்கும் மாத்திரைக்கு எந்தக் கம்பெனியிலும் பவர் கிடையாது.

இதில் ஆபத்தானது ஒன்று உண்டு. எங்களிடம் வாங்கிய கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையையும் விடாமல், மெடிக்கலில் வேறு பெயரில் விற்கும் அதே கிளிமிபிரைடையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்ற நினைப்பு. விடியற்காலை வேர்த்து, நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். சுகர் 40-க்குக் கீழே நிற்கும். எங்கே வாங்கினாலும் எல்லா அட்டையையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். பிரித்துக் காட்ட எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

சரி, காப்பீட்டு அட்டைக்கு வருகிறேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். மாரடைப்பில் வந்தவர்கள் அதை வைத்துப் பிழைத்துப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் "கார்டு இருக்கு, எல்லாருக்கும் மருத்துவம் கிடைச்சாச்சு" என்று படித்தவர்களே பேசும்போதுதான் கஷ்டமாக இருக்கிறது. அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால் உதவும். மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரைக்கோ, காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கும் செலவுக்கோ அது பணம் தராது. சாதாரணக் குடும்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பது அந்தச் செலவுதான். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டில் மருத்துவத்துக்கு ஆகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய் மக்கள் தங்கள் கையிலிருந்தே போடுகிறார்கள். 2013-14-ல் அது 64 ரூபாய். இறங்கியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் 39 ரூபாயும் லோடு தூக்குகிறவருக்குப் பெரிய தொகைதான்.

பணம் கொட்டிக் கிடக்கும் நாடு இல்லை நம்முடையது. இருக்கிற பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதுதான் கேள்வி. தாய்லாந்து 2002-ல், ஒரு தடவைக்கு 30 பாட் கட்டணத்தில் எல்லாருக்கும் மருத்துவம் என்று கொண்டுவந்தது. அப்போது அது பணக்கார நாடு இல்லை. அதற்கு 20 வருடம் முன்பே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கான புதுச் செலவைக் கொஞ்ச காலம் நிறுத்தி, கிராமத்துப் பக்க ஆஸ்பத்திரிகளையும் சுகாதார நிலையங்களையும் கட்டினார்கள். அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் 30 பாட் நின்றது. நம்மிடம் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாமே டீக்கடையில் இடித்துக்கொண்டிருக்கிறோம்.

மாநிலத்தில் 2020-ல் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றில் 7 பேருக்கு. சுகர் உள்ளவர்களில் 11 பேருக்கு. மற்றவர்களில் பாதிப் பேருக்காவது பிரஷரும் சுகரும் கட்டுக்குள் வராவிட்டால் எத்தனை டயாலிசிஸ் மெஷின் வாங்கினாலும் பத்தாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவத்தை ஆரம்பித்து, மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவருக்காக வந்த திட்டம் அது. மருந்து வாசல் வரை வருகிறது. வாசலிலிருந்து வாய் வரைக்குமான தூரம் மட்டும் உங்கள் பொறுப்பு.

இனி தன்னார்வலர் வந்தால் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு அனுப்பாதீர்கள். முப்பது வயது தாண்டிய எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறை பிரஷரும் சுகரும் பாருங்கள், எதுவும் செய்யவில்லை என்றாலும் பாருங்கள். இந்த இரண்டும் ஆரம்பத்தில் வெளியே எந்த அறிகுறியும் காட்டாது. மெட்பார்மின் வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள், அப்படியும் கேட்காவிட்டால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். நீங்களாக நிறுத்தாதீர்கள். சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிட்னியைக் கெடுப்பது சுகரும் பிரஷரும், அதோடு உடம்பு வலிக்கு மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும். திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், கூடுதலாக எடுத்துப் போக ஏற்பாடு செய்யலாம். எங்களிடம் ஒரு மருந்து ஏதோ ஒரு மாதம் இல்லாமல் போனால் அதோடு வருவதை விட்டுவிடாதீர்கள், மாற்று மருந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அலைய முடியாவிட்டால் அரசு மருத்துவ உதவி எண் 104-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள், ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு அலையாதீர்கள்.

அந்த அம்மா கிளம்பும்போது கேட்டேன், "அக்கா, நீங்க பிரஷர் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"எனக்கென்னம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்."

உட்கார வைத்துப் பார்த்தேன். 170/100. பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், 168/100. அவருடைய மகனும் வெளியே பைக்கில் காத்திருந்தான், 26 வயது. அவனையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவனுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அம்லோடிபின் கொடுத்தேன். இந்த மாதம் வந்திருப்பது இளமஞ்சள், அடுத்த மாதம் வேறு நிறத்தில் வந்தாலும் வரும், அதுவும் இதேதான் என்று மகனிடம் இரண்டு தடவை சொன்னேன். முதல் மாத்திரையை நர்ஸ் கொடுத்த தண்ணீரில் எங்கள் முன்னாலேயே போட்டுக்கொண்டார். டப்பாவை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து, டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, வரச் சொல்லியிருக்கிறேன்.