விலகிப் போனவளையும் கேளுங்கள்: தோட்டத்துச் சமூகத் தொழில்களை ஆராயும் முறை

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெண்கள் சிலர் சேர்ந்து தையல் நிலையம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இலாபத்தில் ஒரு பங்கு தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. இப்படி ஊர்ப் பிரச்சினையொன்றைத் தீர்க்கவென்றே நடத்தும் தொழில்தான் சமூகத் தொழில்முனைவு. எத்தனை பேர் தைக்கிறார்கள், மாதம் எவ்வளவு வருகிறது என்பதைக் கணக்குக் கொப்பியே சொல்லிவிடும். அந்தப் பணம் வீட்டில் யார் கைக்குப் போகிறது, நன்றாகத் தைத்த ஒருத்தி ஏன் நின்றுவிட்டாள் என்பதை அறிய, ஆட்களிடம் பேசிக் காரணங்களைத் தேடும் பண்புசார் ஆய்வு வேண்டும்.

முதல் சிக்கல் ஆளைத் தேடுவது. ஒருவரிடம் பேசி, அவர் காட்டும் அடுத்தவரிடம் போவதைப் பனிப்பந்து முறை என்பார்கள். தோட்டத்துக்குள் பெரும்பாலும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வழியாகத்தான் நுழைய வேண்டியிருக்கும். அவரோடு நின்றுவிட்டால் அவருக்கு வேண்டியவர்களின் கதைதான் கிடைக்கும். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இருப்பவர், கடைக்காரர் என்று வேறு வாசல்களையும் தட்ட வேண்டும். எல்லாரையும்விட முக்கியமானவர்கள் சேர்ந்துவிட்டு விலகியவர்கள். தாக்குப்பிடித்தவர்களை மட்டும் கேட்டு எழுதிய வெற்றிக் கதையை நான் ஆய்வாக ஏற்கமாட்டேன்.

இடமும் நேரமும் சும்மா அமைவதில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போனவள் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளிலோ அடுத்த காம்பராவுக்கும் இதற்கும் நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கடனைப் பற்றி யார் மனம் திறப்பார்கள்?

பதிவு செய்த பேச்சைச் சொன்னது சொன்னபடி எழுதி, வரிவரியாகக் குறியிட வேண்டும், அதாவது ஒவ்வொரு வரியும் எதைப் பற்றியது என்று அதற்கொரு சிறு பெயர் கொடுக்க வேண்டும். “சீசன்ல நாள் முழுக்க மலையில. ராவைக்குத்தான் மெசின்ல உட்காருவேன், அதுக்கும் அவர் ஏசுவார்” என்று ஒருத்தி சொன்னால், ‘நேரமின்மை’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கொழுந்தோடு ஏறி இறங்கும் நேரம், இரட்டை உழைப்பு, கணவனின் சம்மதம் என மூன்று விஷயங்கள் அதில் இருக்கின்றன. மூன்றாவது பலரிடம் தலைகாட்டினால் அடுத்த நேர்காணலில் அதைத் துருவ வேண்டும். கணவனே மெசின் வாங்கிக் கொடுத்த வீட்டையும் தேடிப் போக வேண்டும். இப்படித் தரவை ஒப்பிட்டு ஒப்பிட்டு அதிலிருந்தே விளக்கத்தைக் கட்டும் வழியை 1967இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் அன்செல்ம் ஸ்ட்ராஸும் நூலாக வகுத்துத் தந்தார்கள்.

எத்தனை பேர் போதும்? புதிய குறி எழாமல் போகும்வரை. கானா, நைஜீரியாப் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வைத்து 2006இல் வெளியான ஆய்வொன்றில் முதல் 12இலேயே பெரும்பாலான குறிகள் கிடைத்துவிட்டன. ஒரே வகையினரிடம் ஒரே கேள்விகளைக் கேட்டதால் வந்த எண் அது. தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்தவர், பதியாதவர், கொழும்பில் வேலை செய்து திரும்பியவர் என்று கலந்து எடுத்தால் ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஆய்வில் கண்டதை, நேர்காணல் தந்தவர்களிடமே கொண்டுபோய்ச் சரிபார்ப்பதும் இம்முறையில் அடங்கும். ஆங்கில அறிக்கையை நீட்டிப் பயனில்லை, தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. சிறிய தோட்டத்தில் பெயரை மாற்றினாலும் ‘மெசின் வாங்கிக் கொடுத்த கணவன்’ யாரென்று எல்லாருக்கும் தெரியும். எதை வெளியே சொல்லலாம் என்று அந்த வீட்டாரைத் தனியே கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் முன் வாசிக்க வேண்டும்.