மல்லிகைச் சரமும் சுண்டுவிரல் நகமும்

பினாங்கு குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்துக்கு அருகில் ஒரு பூக்கடையில் தொங்கிய மல்லிகைச் சரத்தை, ஒரே சிறிய டிஜிட்டல் கேமராவால், ஒரே நாளில் இரண்டு முறை படம் எடுத்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த படத்தில் மொட்டுகளின் அடியில் ஓடும் இளம்பச்சையும், அவற்றைக் கட்டிய நூலின் முறுக்கும் தெளிவாகத் தெரிந்தன. இரவு எட்டு மணிக்கு, கடைக்குள் எரிந்த குழல்விளக்கின் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நூலைக் காணவில்லை; மொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சைத் திரித்துத் தொங்கவிட்டதுபோல் ஆகியிருந்தன. கடைக்கார அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பூவெல்லாம் வாடிப்போன மாதிரி இருக்கு?” என்றார். கேமராப் பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த 20 மெகாபிக்சல், 40 மடங்கு ஜூம் என்ற எண்கள் இரண்டு வேளையும் அப்படியேதான் இருந்தன. வெளிச்சம் குறையும்போது ஒரு கேமரா எதை விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பெட்டி சொல்வதில்லை. சிறிய கேமராவை மதிப்பிடும் வேலையில் முக்கால்வாசி அதைத் தெரிந்துகொள்வதுதான்.

கணக்கு உணரியில் தொடங்குகிறது. லென்ஸ் குவிக்கும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் இந்தச் சில்லு, நீண்ட ஜூம் கொண்ட சிறிய கேமராக்களில் பெரும்பாலும் ‘1/2.3 அங்குலம்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. பெயரை நம்பி அளவுகோலை எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஓர் அங்குலத்தை 2.3ஆல் வகுத்தால் 11 மில்லிமீட்டர் வர வேண்டும்; அந்த உணரியின் மூலைவிட்டமோ 8 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. அகலம் ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர், உயரம் 4.6 மில்லிமீட்டர்; சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். இந்த விசித்திரமான அளவுமுறை பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்களிலிருந்து வந்தது. குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்வது அன்றைய வழக்கம். படம் விழும் பகுதி அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். குழாய்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, அளவுமுறை மட்டும் போகவில்லை. விற்பவர்களுக்கு அது வசதியாக இருப்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

‘1 அங்குலம்’ எனப்படும் உணரியும் இப்படித்தான்: உண்மையில் 13.2 மில்லிமீட்டர் அகலமும் 8.8 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ஆயினும் பரப்பளவில் அது முன்னதைப் போல் நான்கு மடங்கு. 28 சதுர மில்லிமீட்டர் எங்கே, 116 எங்கே! பழைய பிலிம் அளவிலான 36க்கு 24 மில்லிமீட்டர் உணரியோடு ஒப்பிட்டால், நகத்தளவு உணரியைப் போல் முப்பது உணரிகளை அதன்மேல் பரப்பிவிடலாம்.

பரப்பளவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஒளி என்பது துகள்களாக வந்து விழுவது; அந்தத் துகள்கள் வரிசை கட்டி வருவதில்லை. தகரக் கூரை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தூறல் தொடங்கும்போது ஒவ்வொரு துளியும் தனித்தனியாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும் ஓசை கேட்கும். ஒரு நொடியில் மூன்று, அடுத்த நொடியில் எட்டு, பிறகு ஒன்றுமில்லை. மழை வலுத்தால் அந்த ஏற்ற இறக்கம் காதுக்கு எட்டாமல் ஒரே சீரான இரைச்சலாகிவிடும். உணரியில் ஒளியைப் பதிவு செய்யும் நுண்ணிய கட்டங்களான பிக்சல்களிலும் இதுவே நடக்கிறது. ஒரு பிக்சல் 10,000 ஒளித்துகள்களைப் பதிவு செய்தால், அந்த எண்ணிக்கையில் இயல்பாக ஏற்படும் தடுமாற்றம் அதன் வர்க்கமூலமான 100. அதாவது நூற்றில் ஒரு பங்கு. கண் அதைக் கவனிக்காது. மங்கிய வெளிச்சத்தில் 100 துகள்களே விழுந்தால் தடுமாற்றம் 10. பத்தில் ஒரு பங்கு. ஒரே வெண்மையுள்ள இரண்டு இதழ்கள் ஒன்று சாம்பலாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் பதிவாகி, படம் முழுவதும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றுவதன் அடிப்படைக் காரணம் இதுதான். உணரி எவ்வளவு உயர்ந்த தரத்தில் செய்யப்பட்டிருந்தாலும் இந்தத் தடுமாற்றத்தை ஒழிக்க முடியாது, ஏனெனில் அது ஒளியிலேயே இருக்கிறது. கூடுதல் ஒளியைச் சேர்ப்பது ஒன்றே வழி. பெரிய உணரியும் அகன்ற லென்ஸும் செய்வது அதைத்தான்.

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் உணரி கூடுதலாக ஒளியைப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விழுந்த ஒளி விழுந்ததுதான். ஐஎஸ்ஓ அந்தக் குறிப்பைப் பெருக்கிக் காட்டுகிறது. குறிப்போடு சேர்ந்து தடுமாற்றமும் பெருகுகிறது. கேமராவுக்குள் இருக்கும் செயலி அந்தப் புள்ளிகளை மறைக்க, ஒவ்வொரு பிக்சலையும் அதன் அண்டை அயலோடு ஒப்பிட்டுச் சராசரியாக்கிச் சமப்படுத்துகிறது. எது தேவையற்ற புள்ளி, எது சரத்தைக் கட்டிய நூல் என்று அதற்கு உறுதியாகத் தெரியாது. இரண்டும் மெல்லியவை, இரண்டும் சுற்றுப்புறத்திலிருந்து சற்றே மாறுபட்டவை. ஆகவே புள்ளியை அழிக்கும்போது நூலும் சேர்ந்து அழிகிறது. பூக்கடை அக்கா பார்த்த ‘வாட்டம்’ இப்படி வந்ததுதான். விளம்பரத்தில் ‘ஐஎஸ்ஓ 12,800 வரை’ என்று போட்டிருந்தால், அந்த எண்ணில் கேமராவால் ஒரு படத்தைப் பதிவு செய்ய முடியும் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. மல்லிகை, தலைமுடி, பட்டுச் சேலையின் நெசவு போன்ற மென்மையான நுணுக்கங்கள் உள்ள ஒன்றை ஐஎஸ்ஓ 400, 800, 1600 என்று படிப்படியாக ஏற்றி எடுத்து, எந்தப் படியில் நூல் மறைகிறது என்று பார்ப்பதே நம்பத்தக்க அளவை. செயலியைக் கடக்காத ரா கோப்பைச் சேமிக்கும் வசதி இருந்தால், இந்தச் சமப்படுத்தலை வீட்டில் கணினியில் நம் விருப்பப்படி மெதுவாகச் செய்துகொள்ளலாம். நான் வாங்கும் கேமராக்களில் அதைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறேன்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் பிக்சல்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களில் போடும் 4ஆர் படம் 4க்கு 6 அங்குலம்; அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் கணக்கிட்டால் 22 லட்சம் பிக்சல்களுக்குள் முடிந்துவிடும். கூடத்துச் சுவரில் மாட்டும் 8க்கு 10 அங்குல 8ஆர் படத்துக்குக்கூட 72 லட்சம் போதும். 20 மெகாபிக்சல் தேவைப்படுவது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கும்போதுதான், அதற்கும் அந்தப் பிக்சல்களில் உண்மையான விவரம் இருக்க வேண்டும்.

விவரம் இருக்கிறதா என்பதை லென்ஸ் தீர்மானிக்கிறது. லென்ஸுக்கும் அது ஒளியைக் குவிக்கும் இடத்துக்கும் இடையிலான குவியத் தொலைவை ஒளித் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். எண் சிறிதானால் துளை பெரிது, ஒளி மிகுதி. 40 மடங்கு ஜூம் லென்ஸ் ஒன்று அகலக் கோணத்தில் எஃப் 3.3ஆகவும், முழுதும் நீட்டிய நிலையில் எஃப் 6.9ஆகவும் இருந்தால், நீட்டிய நிலையில் உணரியின்மீது விழும் ஒளி கால் பங்குக்கும் கீழே போய்விடும். ஏற்கெனவே நகத்தளவான உணரிக்கு இது பெரிய இழப்பு. அதோடு தீர்வதில்லை. ஒளி ஓர் அலையாகவும் நடந்துகொள்வதால், சிறிய துளையைக் கடக்கும்போது விளிம்பில் வளைந்து பரவுகிறது. எனவே ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழுகிறது. எஃப் 6.9இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர். 20 மெகாபிக்சலை நகத்தளவு உணரியில் அடைத்தால் ஒரு பிக்சலின் அகலம் 1.2 மைக்ரோமீட்டரே. ஒரு புள்ளியின் ஒளி ஏழெட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும்போது பிக்சல் எண்ணிக்கையைக் கூட்டுவதில் என்ன பயன்? தண்ணீர்மலைக் கோயில் கோபுரத்தை அடிவாரத்திலிருந்து முழு ஜூமில் எடுத்தால் சிற்பங்கள் பெரிதாகத் தெரியும். முகங்களின் கூர்மை மட்டும் வந்து சேராது. டிஜிட்டல் ஜூமை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரண்டு மடங்கு டிஜிட்டல் ஜூம் என்றால் பிக்சல்களில் முக்கால் பங்கை வீசிவிட்டு, மிச்சத்தை இழுத்துப் பெரிதாக்குவது என்று பொருள்.

இதற்கு நேர்மாறான பாதையை 2012இல் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ்100 காட்டியது. சட்டைப் பையில் அடங்கும் உடலுக்குள் 1 அங்குல உணரியையும் எஃப் 1.8 லென்ஸையும் வைத்த அந்தக் கேமராவின் ஜூம் வெறும் 3.6 மடங்கு. நீட்டினால் அதுவும் எஃப் 4.9க்கு இறங்கிவிடும். பெரிய உணரி, நீண்ட ஜூம், சிறிய உடல் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரு கேமராவில் நன்றாகப் பெற முடியும். கைப்பேசியை விஞ்சும் படம் வேண்டுமென்றால் ஜூமை விட்டுக்கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

நிறத்துக்கு வருவோம். உணரிக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, பிக்சல்களில் பாதிக்குப் பச்சை வடிகட்டியும், கால் பங்குக்குச் சிவப்பும், கால் பங்குக்கு நீலமும் பொருத்தப்படுகின்றன. விடுபட்ட நிறங்களைச் செயலி அண்டைப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. அதே பூக்கடையில் இருந்த சிவப்பு ரோஜா மாலையைப் படம் எடுத்தபோது இதன் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. மாலையில் விவரம் தரக்கூடியவை பெரும்பாலும் அந்தக் கால் பங்குச் சிவப்புப் பிக்சல்களே. வெளிச்சம் சற்று மிகுந்ததும் அவையும் நிரம்பி வழிந்துவிட, இதழ்களின் மடிப்புகள் மறைந்து மாலை முழுவதும் குங்குமத்தை அப்பியதுபோல் ஆனது. வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுத்ததும் மடிப்புகள் திரும்பின. கடையில் கேமராவைச் சோதிக்கும்போது சிவப்பாக எதையாவது படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி இன்று ஏறக்குறைய எல்லாக் கேமராக்களிலும் உண்டு. அசைவை உணர்ந்து, லென்ஸின் ஒரு பகுதியை எதிர்த்திசையில் நகர்த்தும் இந்த ஏற்பாடு நம் கையைத்தான் நிறுத்துகிறது. எதிரே காவடி ஆடுபவரை அது நிறுத்தாது. அவருக்கு வேகமான ஷட்டர் வேண்டும், அதாவது உணரி ஒளியைப் பதிவு செய்யும் நேரம் மிகக் குறுகியதாக இருக்க வேண்டும்; அதற்கு ஒளி வேண்டும். இங்கே வேறொரு தொல்லையும் உண்டு. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டரை அதைவிட வேகமாக்கினால் படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழலாம். 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் அவை மறைந்துவிடும்.

மின்கலத்துக்குச் சொல்லப்படும் ‘இத்தனை படங்கள்’ என்ற எண், 23 பாகை அறையில், 30 நொடிக்கு ஒரு படம், ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஃபிளாஷ் என்ற ஜப்பானிய நெறிமுறைப்படி அளந்தது. கேமராக்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். ஒரு தைப்பூச இரவுக்கு எத்தனை மின்கலம் கொண்டுபோவது என்று கணக்கிட உதவாது.

நம் ஊரில் எந்தச் சோதனைப் பட்டியலிலும் முதலில் வர வேண்டியது ஈரப்பதம். கோலாலம்பூரில் ஒரு கடையில் பழைய கேமரா ஒன்றை மலிவாக வாங்கி, மூன்று மாதம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது எல்லாப் படங்களும் பனி படர்ந்ததுபோல் வெளிறி வந்தன. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒரு துருத்தியைப் போல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நம் காற்றில் ஈரமும் பூஞ்சை வித்துகளும் தாராளம். குளிரூட்டிய பேரங்காடியிலிருந்து கேமராவோடு வெளியே வருவதும் ஆபத்துதான்: வெளியே 32 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதன்மீதும் நீர் திவலையாகப் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுக்க வேண்டும். வீட்டில் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் உலர்பெட்டியே அதற்குரிய இடம். சிலிக்கா ஜெல் போட்ட இறுகிய டப்பாவும் ஓரளவு காக்கும்.

அதனால் இப்போதெல்லாம் பழைய கேமராவை வாங்குமுன் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன்பே லென்ஸை முழுதும் நீட்டி, கைப்பேசி விளக்கை அதன் ஓரத்தில் சாய்வாகப் பிடித்து உள்ளே பார்க்கிறேன். தூசு ஓரிரண்டு பொட்டாக மின்னும். அதனால் கெடுதல் குறைவு. சிலந்தி வலைபோல் கிளைவிட்ட வெள்ளை இழைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கேமராவை மேசைமேல் திருப்பி வைத்துவிடுகிறேன்.